கண் வறட்சி: நாம் உணர்வதும் மருத்துவர் காண்பதும்

போன பங்குனியில் குமாரலிங்கபுரத்திலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் கண் பரிசோதனைக்காக மதுரைக்கு நமது டிரஸ்ட் வேனில் போனவர்களில் இருவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். பெயர் வேண்டாம். இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒருவர் நூல் மில்லில் வேலை பார்க்கும் அக்கா. நாற்பது வயது இன்னும் ஆகவில்லை. “கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு தம்பி. சாயங்காலம் ஆனா திறக்கவே முடியல” என்று வேன் ஏறியதிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். இதற்கு முன் இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார். இரண்டு இடத்திலும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, “பார்வை நல்லா இருக்கு, ஒண்ணுமில்ல” என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கும் ஏறக்குறைய அதே பதில்தான் கிடைத்தது.

மற்றவர் எழுபதை நெருங்கும் பெரியவர். இருபது வருடமாகச் சர்க்கரை. கண்புரைக்குத் தேதி வாங்க வந்தவர். “உறுத்தல், எரிச்சல் எல்லாம் எனக்குக் கிடையாது. புரையை எடுத்துவிட்டால் போதும்” என்றார். மருத்துவர் சாயம் வைத்துப் பார்த்தால், கருவிழியின் கீழ்ப்பாதி முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சிராய்ப்பு. ஆபரேஷனைத் தள்ளி வைத்து, மூன்று விதச் சொட்டு மருந்தும் வெந்நீர் ஒத்தடமும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

திரும்பி வரும்போது வேனில் ஒரே பேச்சு. கண் எரிகிறது என்று அழுத அக்காவின் கையில் ‘ஒன்றுமில்லை’ என்ற சீட்டு. ஒன்றுமே இல்லை என்று சொன்ன பெரியவரின் கையில் ஒரு பக்கம் நிறைய மருந்து. “ரெண்டு பேரு சீட்டும் மாறிப்போச்சு போல” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஏற்கெனவே வீட்டில், வேலைக்குப் போகாமலிருக்கச் சாக்குச் சொல்கிறாள் என்று ஒரு பேச்சு. இப்போது அதற்கு ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டும் சேர்ந்துவிட்டது.

சீட்டு மாறவில்லை. கண் வறட்சி நோயில் இப்படி நடப்பது சாதாரணம். இது தெரியாததால் ஒருவர் வருடக்கணக்கில் வேதனைப்படுகிறார். இன்னொருவர் கண் கெடுவதே தெரியாமல் இருக்கிறார். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தமிழில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நோயாளி சொல்லும் எரிச்சலையும் ‘அறிகுறி’ என்கிறோம். மருத்துவர் கருவியில் பார்க்கும் சிராய்ப்பையும் ‘அறிகுறி’ என்கிறோம். மருத்துவத்தில் இவை இரண்டும் வேறு வேறு. இந்தக் கட்டுரைக்கு மட்டும் இரண்டு பெயர் வைத்துக்கொள்வோம். நாம் உணர்ந்து சொல்வது உபாதை. எரிச்சல், உறுத்தல், கரகரப்பு, வெளிச்சம் பட்டால் கூச்சம், படிக்கப் படிக்க எழுத்து மங்குவது, காரணமில்லாமல் நீர் வடிவது எல்லாம் உபாதை. மருத்துவர் பார்த்தும் அளந்தும் கண்டுபிடிப்பது தடயம். கண்ணீரின் அளவு, அது எத்தனை நொடியில் உடைகிறது, கருவிழியில் சாயம் எங்கே பிடிக்கிறது, இமை ஓரச் சுரப்பிகள் எப்படி இருக்கின்றன என்பவை தடயம்.

மற்ற நோய்கள் பலவற்றில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். கால் எலும்பு முறிந்தால் வலியும் இருக்கும், எக்ஸ்ரேயிலும் தெரியும். கண் வறட்சியில் அப்படி எதிர்பார்க்க முடியாது.

கண்ணீர் என்பது அழும்போது வருவது மட்டுமல்ல. விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவிழியின் மேல் ஒரு நீர்ப்படலம் இருக்கிறது. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அடியில் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் வழவழப்பும் நீரும் கலந்த பகுதி. மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. அந்த எண்ணெய் இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. நம் கரிசல் காட்டில் சித்திரை வெயிலில் கண்மாய்த் தண்ணீர் எப்படி வற்றும் என்று யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மேலே மூடி இல்லாத தண்ணீர் நிற்காது. கண்ணுக்கு அந்த மூடி எண்ணெய். அது கெட்டுப்போனால் கண்ணீர் எவ்வளவு சுரந்தாலும் ஆவியாகிவிடும். கண் வறட்சி உள்ளவர்களில் அதிகம் பேருக்குக் கோளாறு இந்த எண்ணெயில்தான்.

இதை அளக்க நான்கைந்து சோதனைகள் உண்டு. கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையைச் சொருகி ஐந்து நிமிடம் விட்டு, எத்தனை மில்லிமீட்டர் நனைந்தது என்று பார்ப்பது ஷிர்மர் சோதனை. ஜெர்மானிய மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் 1903-இல் சொன்னது, இன்றைக்கும் நடக்கிறது. பத்து மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சந்தேகம், ஐந்துக்குக் குறைந்தால் நீர்ச் சுரப்பு மிகக் குறைவு என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று, ஃபுளோரசின் என்ற சாயத்தைத் தொட்டு வைத்து நீல வெளிச்சத்தில் பார்ப்பது. இமைக்காமல் இருக்கச் சொல்லிவிட்டு, பச்சையாக மின்னும் படலத்தில் முதல் கருப்புத் திட்டு எப்போது தோன்றுகிறது என்று நொடிகளை எண்ணுவார்கள். கோடையில் கண்மாய்த் தரையில் முதல் வெடிப்பு விழுவது போலத்தான் அதுவும் இருக்கும். பத்து நொடிக்கு முன்பே உடைந்தால் படலம் நிலையில்லை என்று பொருள். அதே சாயம் கருவிழியில் சிராய்ப்பு உள்ள இடங்களில் ஒட்டிக்கொண்டு புள்ளிகளாகத் தெரியும். கடைசியாக, இமை ஓரத்தை மெல்ல அழுத்தி எண்ணெய் எப்படி வருகிறது என்று பார்ப்பது. நல்ல சுரப்பியிலிருந்து தெளிந்த எண்ணெய் வரும். கெட்டுப்போனதிலிருந்து பற்பசை மாதிரி வரும், அல்லது வரவே வராது.

உபாதையை அளக்கவும் வழி உண்டு. உலகமெங்கும் பயன்படும் ஒரு படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். போன ஒரு வாரத்தில் வெளிச்சம் கூசியதா, படிக்கச் சிரமமா, காற்றடிக்கும் இடத்தில் எப்படி இருந்தது என்று கேட்டு, 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவார்கள். 13-க்கு மேல் போனால் உபாதை இருக்கிறது என்று கணக்கு.

இப்போது இரண்டு கணக்கைப் பாருங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்தப் படிவத்தை வைத்து, மருத்துவமனைக்கு வந்த 15,000-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்டு 2018-இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு 32 பேருக்குக் கண் வறட்சி என்று வந்தது. ஹைதராபாத்தைத் தலைமையாகக் கொண்ட எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனைகளில் 2010 முதல் 2018 வரை புதிதாக வந்த 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேட்டைப் புரட்டியபோது, மருத்துவர்கள் கண் வறட்சி என்று எழுதியிருந்தது நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்குத்தான். ஊரும் ஆட்களும் வேறு, கணக்கெடுத்த முறையும் வேறு என்பதையெல்லாம் கழித்துக்கொள்ளுங்கள். அப்படியும் 32 எங்கே, ஒன்றரை எங்கே? ஒன்று நோயாளியைக் கேட்டு எண்ணியது. மற்றது மருத்துவர் முடிவு செய்ததை எண்ணியது. ஒரே நோய் இரண்டு வாசலில் இரண்டு ஆளாகத் தெரிகிறது.

வெளிநாடுகளிலும் இதே கதைதான். 2004-இல் அமெரிக்காவில் கெல்லி நிக்கோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் 75 கண் வறட்சி நோயாளிகளிடம் உபாதைகளையும் கேட்டு, எல்லாச் சோதனைகளையும் செய்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். குறிப்பிடும்படியான பொருத்தம் எதுவும் கிடைக்கவில்லை. 2015-இல் இதுபோன்ற 33 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அப்படியே. எந்த ஒரு சோதனையும் எந்த ஒரு உபாதையோடும் எல்லா ஆய்விலும் சேர்ந்து வரவில்லை. கண்புரை ஆபரேஷனுக்கு வந்த 136 பேரைப் பார்த்த 2017 அமெரிக்க ஆய்வு நம் பெரியவருக்கு அப்படியே பொருந்தும். முக்கால்வாசிக் கண்களில் கருவிழியில் சாயம் பிடித்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் உறுத்தல் என்று சொல்லவே இல்லை.

ஏன் இப்படி? ஒரே காரணம் கிடையாது. முதலில் நரம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயத்தின் பாதி அதில்தான் இருக்கிறது.

உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கும் இடம் கருவிழி. தோலைவிடப் பல நூறு மடங்கு என்கிறார்கள். அதனால்தான் ஒரு நூல் தூசி விழுந்தாலும் உயிர் போகிறது. இந்த நரம்புகளில் ஒரு வகை, படலம் ஆவியாகும்போது ஏற்படும் சிறு குளிர்ச்சியைக்கூடக் கண்டுபிடித்து, ‘இன்னும் கொஞ்சம் நீர் அனுப்பு’ என்று மூளைக்குச் சொல்கிறது. அதாவது இந்த நரம்புதான் உபாதையைச் சொல்லும் வாய். கண்ணீரைத் திறந்துவிடும் மடையும் அதுவே. நரம்பு மந்தமானால் இரண்டும் சேர்ந்தே நின்றுவிடும். எரிச்சல் தெரியாது, நீரும் சுரக்காது, கண் அடிக்கடி இமைக்கவும் இமைக்காது. காயம் ஆறவும் அந்த நரம்பின் துணை வேண்டும்.

நரம்பை மந்தமாக்குவதில் முதலிடம் சர்க்கரைக்கு. காலில் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடக்கும் சர்க்கரை நோயாளிகளை நாம் பார்த்திருக்கிறோம். உள்ளங்காலில் ஆணி ஏறி, இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். கருவிழியிலும் அதுவே நடக்கிறது. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. வயது கூடுவதும், கண்ணில் முன்பு வந்த அக்கி நோயும், கண்ணாடியைத் தவிர்க்கச் செய்துகொள்ளும் லேசர் சிகிச்சையும்கூட இந்த உணர்வைக் குறைக்கும். ஆக, அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. அவர் கண் அவரிடம் எதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. நீண்ட நாள் வறட்சியாலும் அழற்சியாலும் அடிபட்ட நரம்பு, காயம் ஆறிய பிறகும் கத்திக்கொண்டே இருக்கும். மின்விசிறிக் காற்று பட்டாலே தீப்பட்டது போல இருக்கும். சாயம் வைத்துப் பார்த்தால் கருவிழி கண்ணாடி மாதிரி இருக்கும். 2017-இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி இந்த நோய்க்கு எழுதிய வரையறையில், கண்ணீரின் நிலையின்மை, உப்புச் செறிவு, அழற்சி என்பவற்றோடு நரம்பு உணர்வின் கோளாறையும் ஒரு காரணமாகச் சேர்த்தார்கள். சேர்த்ததன் அர்த்தம், தடயம் இல்லாத வலியும் நோய்தான் என்று ஏட்டில் ஒப்புக்கொண்டதாகும்.

ஒரே வலியை எல்லோரும் ஒரே அளவில் உணர்வதும் இல்லை. இங்கிலாந்தில் 1,600-க்கும் மேற்பட்ட இரட்டைப் பிறவிப் பெண்களின் கையில் சூடு வைத்துச் சோதித்த ஒரு ஆய்வு 2013-இல் வந்தது. கண் வறட்சி உபாதை உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த சூட்டிலேயே வலிக்கிறது என்றார்கள். கைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். உடம்பு முழுக்க வலியைக் கடத்தும் பாதை சிலருக்குக் கொஞ்சம் அகலமாகவே திறந்திருக்கிறது. ஒற்றைத் தலைவலி, உடம்பெல்லாம் வலி, மனச்சோர்வு உள்ளவர்களுக்குத் தடயத்தைவிட உபாதை கூடுதலாக இருப்பதும் ஆய்வுகளில் வந்திருக்கிறது. இதைக் கேட்டதும் “அப்ப எல்லாம் மனசுலதான்” என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அந்த வார்த்தையை நோயாளியின் காதில் விழும்படி சொல்லாதீர்கள். வலி உண்மை, அதன் கட்டுப்பாடு மட்டும்தான் வேறிடத்தில் இருக்கிறது.

அடுத்த காரணம் மிக எளிது, ஆனால் நம் பகுதிக்கு மிக முக்கியம். சோதனை எப்போது, எங்கே நடக்கிறது? அந்த அக்கா மில்லில் எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியிலும் மின்விசிறிக் காற்றிலும் அறுந்த நூலைத் தேடிக் கண் இமைக்காமல் நிற்கிறார். பரிசோதனைக்கு அன்றைக்கு லீவு போட்டு, இரவு நன்றாகத் தூங்கி எழுந்து, காலை பத்து மணிக்கு ஏசி அறையில் உட்காருகிறார். கருவி பார்ப்பது அந்தப் பத்து மணிக் கண்ணைத்தான். சாயங்காலம் நான்கு மணிக் கண்ணை யாரும் பார்க்கவே இல்லை. அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுபவர்கள், கண்மாய்க் கரைகளிலும் காடுகளிலும் சீமைக்கருவேலைக் கரிமூட்டம் போடுபவர்கள், விறகடுப்பில் சமைக்கும் பெண்கள், ஹெல்மெட்டுக் கண்ணாடி இல்லாமல் பைக்கில் போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் இது பொருந்தும். செல்போனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கும் கண், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிக்கும் கீழே இமைக்கிறது.

சோதனைகளும் வெவ்வேறு விஷயத்தைப் பார்க்கின்றன. காகிதப் பட்டை நீரை மட்டும் அளக்கும். எண்ணெய் கெட்டவருக்கு அது நன்றாகவே நனையும். பட்டையைச் சொருகியதும் அந்த உறுத்தலிலேயே சிலருக்கு நீர் கொட்டிவிடும். “என் கண்ணுல தண்ணியா வடியுது, நீங்க வறட்சிங்கிறீங்களே” என்று பலரும் கேட்பதற்கும் இதுதான் பதில். படலம் உடைய உடைய நரம்பு அலறி, அவசரத்துக்கு நீர் வந்து கொட்டுகிறது. அந்த நீரில் எண்ணெயும் வழவழப்பும் போதாது, நிற்காமல் கன்னத்தில் ஓடிவிடும். காட்டாற்று வெள்ளத்தால் கண்மாய் நிறையாத கதை.

நோயின் கட்டத்தாலும் வேறுபாடு வரும். ஆரம்பத்தில் நரம்பு கூர்மையாக இருக்கும். எரிச்சல் அதிகம், சிராய்ப்பு குறைவு. முற்றிய பிறகு சிலருக்கு உணர்வே குறைந்துபோய் எரிச்சல் தணியும், சிராய்ப்பு கூடும். ‘முன்னைக்கு இப்போ பரவாயில்லை’ என்று ஒரு சர்க்கரை நோயாளி சொன்னால், அது நல்ல செய்திதானா என்று சாயம் வைத்துத்தான் சொல்ல முடியும்.

மருத்துவமனையில் கூட்டம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். அதனால் நாம்தான் தயாராகப் போக வேண்டும். “கண் எரியுது” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நேரத்தில் கூடுகிறது, என்ன வேலை செய்யும்போது, காலையில் எழும்போதா சாயங்காலமா என்று சொல்லுங்கள். காலையில் என்றால் இமை அழற்சியோ, தூக்கத்தில் இமை சரியாக மூடாததோ காரணமாக இருக்கலாம். அருகில் படுப்பவரிடம் கேட்டுக்கொண்டு போனால் நல்லது. வாயும் வறள்கிறதா, முறுக்கு, பிஸ்கட் விழுங்கத் தண்ணீர் வேண்டியிருக்கிறதா, மூட்டு வலி உண்டா என்பதையும் சொல்ல வேண்டும். சுவீடன் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரென் 1933-இல் எழுதிய நோய் அப்படித்தான் தொடங்கும். பெண்களுக்கே அதிகம் வரும். இரத்தப் பரிசோதனை தேவைப்படும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் கையில் கொண்டுபோங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, கண் அழுத்தத்துக்கு வருடக்கணக்கில் விடும் சொட்டு மருந்து ஆகியவை கண்ணை உலர்த்தக்கூடியவை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சொன்னால் மாற்றித் தருவார்கள். பிறகு, “சாயம் வச்சுப் பாத்தீங்களா டாக்டர், இமையை அழுத்திப் பாத்தீங்களா?” என்று பணிவாகக் கேட்கலாம். கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை.

சர்க்கரை உள்ளவர்கள், மூட்டு வாத நோய் உள்ளவர்கள், முகவாதம் வந்து இமை முழுதாக மூடாதவர்கள், கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கப் போகிறவர்கள் ஆகியோருக்கு உறுத்தல் இருக்கிறதா என்பதே கேள்வி இல்லை. எதுவும் இல்லாவிட்டாலும் கண்ணின் மேற்பரப்பைப் பார்த்துவிட வேண்டும். மேற்பரப்பு கரடுமுரடாக இருந்தால் உள்ளே வைக்கும் லென்ஸின் பவர் அளவே தவறிவிடும். ஆபரேஷன் நன்றாக நடந்தும் பார்வை மங்கல் என்று பின்னால் வருத்தப்பட வேண்டி வரும். பெரியவருக்குத் தேதி தள்ளிப்போனது நல்லதாகத்தான் போயிற்று.

மருந்துக் கடையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சிவந்த கண்ணை வெளுக்க வைக்கும் சொட்டும், ஸ்டீராய்டு கலந்த சொட்டும் போட்ட உடனே சுகமாக இருக்கும். வெளுக்க வைக்கும் மருந்து கொஞ்ச நாளில் முன்னைவிடச் சிவக்க வைக்கும். ஸ்டீராய்டை மேற்பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறி, பார்வை திரும்பாமலே போகலாம். புரையும் சீக்கிரம் வரும். மரத்துப்போக வைக்கும் சொட்டை மருத்துவர் ஒரு துளி விட்டு, வலி கண்ணிலிருந்து வருகிறதா நரம்புப் பாதையிலிருந்து வருகிறதா என்று சோதிப்பார். அதை வீட்டில் வைத்துக்கொண்டு விடவே கூடாது, கருவிழி கரைந்துவிடும். விளக்கெண்ணெய், தாய்ப்பால், இலைச் சாறு, ஈயம் கலந்திருக்கக்கூடிய பழைய சுர்மா, இவற்றையும் புண்பட்ட கண்ணில் இட வேண்டாம். சொன்னால் வீட்டுப் பெரியவர்களுக்குக் கோபம் வரும், தெரியும்.

சாதாரணக் கண்ணீர்ச் சொட்டு, அதாவது கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ் வகை, மக்கள் மருந்தகங்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால் பதப்படுத்தும் மருந்து சேராத வகையை எழுதித் தரச் சொல்லுங்கள்; அந்தப் பதப்படுத்தும் மருந்தே கண்ணைப் புண்ணாக்கும். சாதாரணப் பாட்டிலைத் திறந்து ஒரு மாதத்துக்குமேல் வைத்துக்கொள்ளாதீர்கள். எண்ணெய்ச் சுரப்பி அடைப்புக்கு வெதுவெதுப்பான துணி ஒத்தடம் பத்து நிமிடம், பிறகு இமையை மெல்ல நீவிவிடுவது. செலவில்லாத வைத்தியம், அதனாலேயே யாரும் செய்வதில்லை!

மருத்துவம் தொடங்கிய பிறகும் உபாதையும் தடயமும் சேர்ந்து குறையாது. சைக்ளோஸ்போரின் போன்ற அழற்சிக் குறைப்புச் சொட்டு முதல் சில வாரம் எரியும்; பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ‘மருந்து போட்டு எரிச்சல்தான் கூடிச்சு’ என்று பத்தாம் நாள் தூக்கி எறிகிறவர்கள் நம்மிடம் நிறைய. சிலருக்கு எரிச்சல் இரண்டு வாரத்தில் நின்றுவிடும், சிராய்ப்பு அப்படியே இருக்கும். அவர்கள் மறுபரிசோதனைக்கு வருவதில்லை. இரண்டும் தவறு.

ரமலானில் இன்னொரு விஷயம் நடக்கிறது. நோன்பு முறிந்துவிடும் என்று பயந்து பகல் முழுக்கச் சொட்டு விடாமல் இருக்கிறார்கள். ஹனஃபீ, ஷாஃபிஈ இரண்டு மத்ஹபிலும் கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது, தொண்டையில் கசப்புத் தெரிந்தாலும் சரி என்றே உலமாக்கள் சொல்கிறார்கள். மனம் ஒப்பவில்லை என்றால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கண் திடீரென்று சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல், பார்வை குறைந்து, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது வறட்சிக் கணக்கில் சேராது. நெல் தூசி, சோளத் தட்டை பட்ட பிறகு என்றால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கே போக வேண்டும். வேனுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வைகாசியில் அந்த அக்காவை மறுபடி அழைத்துப் போனோம். இந்தத் தடவை பகல் ஷிப்ட் முடிந்து, மில் வாசலிலிருந்தே நேராக. பஞ்சு தலையில் ஒட்டியிருந்தது. சாயம் வைத்து எண்ணியபோது நான்கு நொடியில் படலம் உடைந்தது. இமையை அழுத்தினால் பற்பசை. மருத்துவர் ஒத்தடமும் சொட்டும் எழுதிக் கொடுத்து, மில்லில் பக்கம் மூடிய கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னார். அக்கா அந்தச் சீட்டை மடிக்காமல் வீடு வரைக்கும் கையிலேயே வைத்திருந்தார். மாமியாரிடம் காட்டத்தான் என்று நினைக்கிறேன்.

பெரியவருக்கு ஆனியில் ஆபரேஷன் முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். பேப்பர் படிக்கிறார். சொட்டு மருந்து மட்டும் இன்னும் நாலு வேளை விட வேண்டும். ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் பார்க்கும்போது என்னை நிறுத்திக் கேட்கிறார்: “நல்லா இருக்கிற கண்ணுக்கு எதுக்கு தம்பி மருந்து?”